ஓரியனின் இருட்டுப் பக்கம்

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தை பிறந்த புதிதில் இரவு பத்து மணிவாக்கில் திருச்சியின் எந்த மொட்டை மாடியில் நின்று அண்ணாந்தாலும், உச்சிக்குச் சற்றே தெற்கில் ஓரியன் மண்டலம் தெரியும். நாம் திருவாதிரை என்று விழா எடுக்கும் செந்நிற நட்சத்திரம் அதன் ஒரு தோள். மிருகசீரிடம் அதன் தலை. நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே, வாள்போலத் தொங்கும் சிறு வரிசையில், ஒரு புள்ளி மட்டும் கூர்மையில்லாமல் கலங்கித் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. திருச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. நெபுலா வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 5.4 பாகையில் இருக்கிறது. ஆகவே அது நம் உச்சியிலிருந்து 16 பாகை மட்டுமே விலகிக் கடந்து போகிறது. லண்டன்காரருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அது 57 பாகை சரிந்து கிடக்கும். ஒரு எச்சரிக்கை: மார்கழித் திருவாதிரையன்று இதைத் தேடாதீர்கள். அன்று முழுநிலா திருவாதிரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். நிலவொளியில் நெபுலா காணாமல் போய்விடும்.

இந்த நெபுலாவைப் பற்றி நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். ஹபிள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பிய வண்ணப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் என்ற தலைப்போடு நாளிதழ்களில் அவை வருகின்றன. ஆனால் நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்பது பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல. வெவ்வேறு அலைநீளங்களில் எடுத்த அளவீடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒன்று சொன்னதை மற்றொன்றால் சோதித்துத்தான் அந்த அறிவு வந்தது. ஆகவே புதிய தொலைநோக்கி வந்துவிட்டால் பழையது வேண்டாம் என்ற பேச்சு, அதுவும் 2024இல் நாசாவின் நிதித்திட்டத்திலேயே எழுந்த பேச்சு, இந்தத் துறை எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாததால் வருவது. இதை ஓரியனை வைத்தே காட்ட முயல்கிறேன்.

முதலில், ஒளிர்வது எது? 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் நெபுலாக்களின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். நட்சத்திரத்தின் ஒளியாக இருந்தால் வானவில்போலத் தொடர்ச்சியான நிறமாலை வந்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தவை தனித்தனியான சில பிரகாசமான கோடுகள். ஓரியனிலும் அதே கதை. அது வாயு என்பது அன்றே தீர்ந்துபோனது. ஆனால் பச்சை நிறத்தில் வந்த வலுவான கோடு ஆய்வுக்கூடத்தில் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கற்பித்துக்கொண்டார்கள். 1927இல் ஐரா போவன் விடை சொன்னார்: இரண்டு எலக்ட்ரான்களை இழந்த சாதாரண ஆக்சிஜன். ஆய்வுக்கூட வாயுவில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அந்தக் கோடு தோன்ற அவகாசமே இல்லை. நெபுலாவில் அவகாசம் உண்டு. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இரண்டு லட்சம் கோடி கோடிக்கும் மேலான மூலக்கூறுகள் இருக்கின்றன. ஓரியனின் ஒளிரும் பகுதியில் சில ஆயிரம் துகள்கள்தாம். இதற்கிடையில், 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் நெபுலாவை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்துவிட்டிருந்தார். அந்தப் படத்தை எத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்த்திருந்தாலும் நெபுலியம் பொய் என்று தெரிந்திருக்காது.

அந்த வாயுவை ஒளிர வைப்பது நடுவில் இருக்கும் நான்கு நட்சத்திரக் கூட்டம், அதிலும் குறிப்பாக ஒன்று. சூரியனைப்போல் முப்பது மடங்குக்கு மேல் நிறை கொண்ட அந்த நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்குகிறது. நாம் காணும் பிரகாசம் முழுவதும், பின்னால் கிடக்கும் பெரிய குளிர்ந்த மேகத்தின் நம் பக்கத்து முகப்பில் அரித்தெடுக்கப்பட்ட குழிவு. அதாவது அங்கே பிறப்பு முடிந்துவிட்டது. பிறந்தவை வீட்டை இடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் பிறந்துகொண்டிருப்பவை அதற்குப் பின்னால், தூசிக்குள், கண்ணுக்குத் தெரியும் ஒளி வெளியே வர முடியாத இருட்டில் இருக்கின்றன. 1967இல் பெக்லினும் நியூகபவரும் அகச்சிவப்பில் துழாவியபோது, சாதாரணப் படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் அகச்சிவப்பில் மிகப் பிரகாசமான ஒரு பொருளைக் கண்டதாக எழுதினார்கள். அன்று தொடங்கியது உண்மையான தேடல்.

இருட்டுக்குள் புக இரண்டு வழிகள். ஒன்று, தூசித் துகளைவிட நீண்ட அலை: அகச்சிவப்பு. மற்றது, தூசியைத் துளைக்கும் ஆற்றல் கொண்ட கதிர்: எக்ஸ் கதிர். இரண்டிலும் நம் வளிமண்டலம் குறுக்கே நிற்கிறது. அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவி விழுங்கிவிடும். போதாததற்குக் காற்றும் தொலைநோக்கியும் தாமே அகச்சிவப்பில் ஒளிரும். ஜேம்ஸ் வெப்பை பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்து அடுக்குத் திரைக்குப் பின்னால் வைத்து, அதன் நடு-அகச்சிவப்புக் கருவியைத் தனிச் சுழிக்கு மேல் 7 பாகைக்கும் கீழே குளிர வைத்திருப்பதன் காரணம் இதுதான். எக்ஸ் கதிரோ தரையை வந்து சேர்வதே இல்லை. அதற்கு விண்வெளி மட்டுமே வழி.

எக்ஸ் கதிருக்காக 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியைப் பற்றி இந்த ஊரில் பேசும்போது ஒரு உறவுமுறையைச் சொல்லாமல் போகக்கூடாது. அது சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அவர் தந்தை சி. சுப்பிரமணிய ஐயர், ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. ராமனின் அண்ணன். சந்திரசேகர் பிறந்தது லாகூர், படித்தது சென்னை, உழைத்தது சிகாகோ. எனவே நம்மூர்க்காரர் என்று அதிகம் உரிமை கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை. அவர் எக்ஸ் கதிர் வானியலாளரும் இல்லை. ஆனால் நட்சத்திரப் பிறப்பு பற்றிய பேச்சில் அவர் பெயர் வேறொரு வழியில் வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2003 ஜனவரியில் சந்திரா 13 நாள் இடைவெளிக்குள் ஏறத்தாழ 10 நாள் நேரம் ஓரியன் நெபுலாவையே பார்த்துக்கொண்டிருந்தது. எரிக் ஃபைகல்சன் தலைமையிலான குழு அதில் 1616 எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைக் கண்டது. அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்த இளம் நட்சத்திரங்கள். நம் சூரியனின் இளமைக்கால நிலையில் இருப்பவையும் அவற்றில் இருந்தன. இன்றைய சூரியனில் காணும் எந்தச் சுடர்வெடிப்பையும் விடப் பலமடங்கு பெரிய வெடிப்புகள் அவற்றில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிகழ்வதாகத் தெரிந்தது. சில நட்சத்திரங்களில் இரும்பு அணு உமிழும் ஒரு குறிப்பிட்ட எக்ஸ் கதிர்க் கோடும் தென்பட்டது. வெடிப்பின் கதிர் போய் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வாயு-தூசித் தட்டில் பட்டதற்கு அது தடயம். அந்தத் தட்டுகள் இருப்பதை முன்பே காட்டியது ஹபிள்: 1990களின் தொடக்கத்தில் ராபர்ட் ஓடெல் ஓரியனில் அவற்றை இனங்கண்டார். ஒரு கருவி தட்டைக் காட்டியது. இன்னொன்று அந்தத் தட்டின் மேல் என்ன பொழிகிறது என்று அளந்தது. கோள்கள் உருவாகும் சேற்றில் இப்படி எக்ஸ் கதிர் பாய்ந்தால் அது அயனியாகும், கொந்தளிக்கும். கோள்கள் உருவாவதற்கு அது உதவியா தடையா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. ஆனால் வாதமே எழ இரண்டு கருவிகளும் வேண்டியிருந்தன.

இங்கே யாரும் எழுப்பக்கூடிய, எழுப்ப வேண்டிய ஆட்சேபணை ஒன்று உண்டு. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் உருவாகிப் பக்குவப்படப் பல லட்சம் ஆண்டுகள் முதல் கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை ஆகும். விண்வெளித் தொலைநோக்கிகளின் வயது சில பத்தாண்டுகள். ஒரு பிறப்பைக்கூட யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. பிறகு எதை வைத்து இத்தனை நிச்சயமாகப் பேசுகிறீர்கள்? ஓரியனின் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 1350 ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கு அரை நூற்றாண்டு வயதானபோது கிளம்பிய ஒளியைத்தான் இன்று பார்க்கிறோம். அந்த 1350 ஆண்டுகூட இந்தக் கணக்கில் ஒரு கண்சிமிட்டல். ஆட்சேபணை நியாயமானதே.

வழக்கமான பதில் இது: ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர்க்கூட்டத்தை ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால், இடுப்புக் குழந்தையும் பள்ளிச் சிறுவனும் தடியூன்றிய பாட்டியும் அதில் இருப்பார்கள், ஒருவர் வளர்ந்ததையும் பார்க்காமலே மனித வாழ்வின் வரிசையை ஊகிக்கலாம். ஓரியனிலும் குளிர்ந்த மேகக் கட்டி, தூசிக்குள் புதைந்த கரு, தட்டு சூழ்ந்த இளசு, தட்டை இழந்தது என்று எல்லாப் பருவமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்தப் பதிலை நான் பாதிதான் ஏற்கிறேன். புகைப்படம் மட்டும் வைத்திருப்பவன், குள்ளமான பெரியவரைச் சிறுவன் என்று எண்ணலாம்; வரிசையைத் தலைகீழாக அடுக்கவும் வாய்ப்புண்டு. வரிசை சரியா என்று சொல்ல, மாற்றம் நடப்பதையே எங்காவது பார்த்திருக்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. 1936-37இல் ஓரியன் மண்டலத்தில் ஒரு மங்கலான நட்சத்திரம் சில மாதங்களில் நூறு மடங்குக்கு மேல் பிரகாசமடைந்து, இன்றுவரை முழுதும் தணியாமல் இருக்கிறது. தட்டிலிருந்து பொருள் திடீரென்று கொட்டியதே காரணம் என்று இன்று விளங்கியிருக்கிறது. இளம் நட்சத்திரங்கள் இரு துருவங்களிலும் பீய்ச்சும் தாரைகளை ஹபிள் 14 ஆண்டுக் காலத்தில் மீண்டும் மீண்டும் படம் எடுத்தது. பாட்ரிக் ஹார்ட்டிகன் 2011இல் அவற்றைத் தொகுத்துத் திரைப்படம்போல ஓட்டிக் காட்டினார். நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாயும் வாயுவின் முடிச்சுகள் ஒன்றையொன்று முட்டுவதும், மங்குவதும், புதிதாக ஒளிர்வதும் அதில் கண்ணெதிரே நடக்கின்றன. எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ஹாப்ஸ் 383 என்ற பொருள். ஓரியனின் மேகத்தில், மிக இளம் பருவத்தில், முழுதும் தூசிக்குள் புதைந்திருக்கும் கருநிலை நட்சத்திரம் அது. ஸ்பிட்சர் தொலைநோக்கியின் 2004ஆம் ஆண்டு அளவையும் பின்வந்த அளவுகளையும் ஒப்பிட்டபோது, அது 24 மைக்ரான் அலைநீளத்தில் 35 மடங்கு பிரகாசமடைந்திருந்தது. பிறகு 2017 டிசம்பரில் சந்திரா அதே பொருளிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் நீடித்த ஓர் எக்ஸ் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. இத்தனை இளம் பருவத்திலேயே வலுவான காந்தச் செயல்பாடு தொடங்கிவிடுகிறது என்பதற்கு அது நேர்ச் சான்று. வளர்ச்சி சீராக அல்ல, தவணை தவணையாக நடக்கிறது என்ற கருத்து இப்போது வெறும் ஊகமில்லை.

அடுத்த ஆட்சேபணை வண்ணம் பற்றியது. அகச்சிவப்புக்கு நிறம் ஏது, எல்லாம் கணினியில் தீட்டியதுதானே என்பார்கள். தீட்டியதுதான். நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை கெடாமல் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருப்பது ஓர் எண். ஆனால் ஆட்சேபணையை இத்தோடு தள்ளிவிட எனக்கு மனமில்லை. படத்தின் அழகு ஆளை ஏமாற்றத்தான் செய்யும். 2023இல் ஜேம்ஸ் வெப்பின் ஓரியன் படத்தில் வியாழன் அளவு நிறை கொண்ட பொருட்கள் இணை இணையாக, நாற்பதுக்கும் மேற்பட்ட ஜோடிகளாக, எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல் மிதப்பதாகப் பியர்சனும் மக்காக்ரியனும் அறிவித்தார்கள். கோள்கள் எப்படி உருவாகின்றன என்ற கோட்பாட்டையே புரட்டிப்போடும் செய்தி, உலகமெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே கெவின் லூமன் அதே தரவுகளின் வண்ண அளவுகளை மீண்டும் கணக்கிட்டு, அவற்றில் பெரும்பாலானவை ஓரியனுக்குப் பின்னால் எங்கோ இருக்கும் பொருட்கள், தூசியால் சிவந்து தெரிகின்றன என்று எழுதினார். படம் ஒன்றுதான்; தீர்ப்பு மாறியது எண்களால். இந்தத் திருத்தத்துக்குச் செய்தித்தாள்களில் கிடைத்த இடம் மிகக் குறைவு என்பது என் சிறு வருத்தம்.

இப்போது சந்திரசேகருக்கு வருகிறேன். ஒரு மேகம் தன் ஈர்ப்பால் சுருங்கி நட்சத்திரமாக வேண்டுமென்றால், அதைத் தடுக்கும் சக்திகளை மீற வேண்டும்: வெப்பம், கொந்தளிப்பு, காந்தப்புலம். காந்தப்புலத்தை எப்படி அளப்பது? 1953இல் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் ஒரு வழி சொன்னார்கள். தூசித் துகள்கள் காந்தப்புலத்துக்கேற்ப வரிசைப்படுவதால் அவற்றின் வழியே வரும் ஒளி தளவிளைவு அடைகிறது. புலம் வலுவாக இருந்தால் கொந்தளிப்பால் அதன் கோடுகளை அதிகம் வளைக்க முடியாது. தளவிளைவின் திசைகள் சிதறாமல் இருக்கும். புலம் பலவீனமென்றால் திசைகள் தாறுமாறாகும். ஆகவே சிதறலை அளந்தால் புலம் தெரியும். அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல், ஹவாயின் மௌனா கேயா உச்சியிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியை வைத்து ஓரியன் நெபுலாவின் முதுகுப்புற மேகத்தில் இதே முறையைப் பயன்படுத்தினார்கள். கிடைத்த விடை 6.6 மில்லிகாஸ், பிழை வரம்பு கூடவோ குறையவோ 4.7. பூமியின் காந்தப்புலத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்கு, ஆனால் விண்மீனிடை வெளிக்கு அது மிகப் பெரிய புலம். பிழை வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதையும் கவனியுங்கள். ஈர்ப்பும் காந்தமும் அங்கே மல்லுக்கு நிற்கின்றன என்று சொல்லலாம். யார் ஜெயிக்கிறார் என்று சொல்லும் அளவுக்கு அளவீடு இன்னும் கூர்மையாகவில்லை.

மேற்சொன்ன தொலைநோக்கி தரையில் இருப்பது என்பதைக் கவனித்தவர்கள் கேட்பார்கள்: தரையிலிருந்தே இத்தனை முடியுமானால் விண்வெளிக்கு ஏன் போக வேண்டும்? இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி வருகிறது. ராமன் 1928இல் திரவங்களில் கண்ட சிதறலில், ஒளியைப் பெற்ற மூலக்கூறு ஆற்றலில் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மீதியை வேறு நிறத்தில் வெளிவிடும். நெபுலாவின் விளிம்பில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவும் இதைச் செய்கிறது: 102.6 நானோமீட்டர் அருகிலுள்ள புற ஊதாவை வாங்கி, ஆற்றலில் பெரும்பகுதியைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு, மீதியை 656 நானோமீட்டர் அருகே சிவப்பாக உமிழ்கிறது. வளிமண்டலம் விழுங்கிவிடும் கதிர், வளிமண்டலம் அனுமதிக்கும் நிறத்துக்கு மாறி வருகிறது! 2016இல் மைக்கேல் டோபிடாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த ராமன் சிதறலின் தடயங்களை ஓரியனிலும் மகெல்லன் மேகங்களின் சில நெபுலாக்களிலும் தரைத் தொலைநோக்கியால் கண்டார்கள். திருவானைக்காவலில் பிறந்தவரின் விளைவு ஓரியனிலும் வேலை செய்கிறது என்பது இனிய செய்தி. ஆனால் இதன் பயன் உள்ளூர்ப் பெருமையைவிடப் பெரியது. அயனியாக்கப்பட்ட வாயுவும் நடுநிலை வாயுவும் சந்திக்கும் எல்லையை இது தனியாகக் காட்டுகிறது. அதே எல்லையில் ஜேம்ஸ் வெப் 2023இல் மீத்தைல் அயனியைக் கண்டது. புற ஊதா ஒளியில் நனையும் ஒரு தட்டில், கரிம வேதியியலின் தொடக்கப் படிகளில் ஒன்று. புற ஊதா மூலக்கூறுகளை உடைக்க மட்டுமே செய்யும் என்ற எண்ணத்தை அது அசைத்தது. தரை, விண்வெளி என்ற போட்டியே இங்கே பொருளற்றது. ஒன்று எட்டாத இடத்தை மற்றது எட்டுகிறது.

கடைசியாகப் பணம். ஜேம்ஸ் வெப்புக்கு ஏறத்தாழ 1000 கோடி டாலர் செலவானது. நம் நாடு 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய ஆஸ்ட்ரோசாட் வானியல் செயற்கைக்கோளுக்கு 178 கோடி ரூபாய். ஜேம்ஸ் வெப்பின் விலை அதிகமா என்று கேட்டால் அதிகம்தான். பலமுறை தாமதமாகி, பலமுறை மதிப்பீடு உயர்ந்து வந்த செலவு அது, அதை நியாயப்படுத்த எனக்கு ஆசையில்லை. ஆனால் செலவழித்து முடித்த, நன்றாக இயங்கும் கருவியைச் சிக்கனம் என்ற பெயரில் நிறுத்துவது வேறு விஷயம். 2024இல் சந்திராவின் ஆண்டு ஒதுக்கீட்டைக் கடுமையாகக் குறைக்க நாசா முன்மொழிந்தபோது வானியலாளர்கள் எதிர்த்தது பழைய பொருள்மேல் உள்ள பாசத்தால் அல்ல. அந்தக் கூர்மையில் எக்ஸ் கதிர் பார்க்கும் கருவி இன்று வேறொன்று இல்லை. ஓரியனில் நெருக்கமாகக் கிடக்கும் 1616 புள்ளிகளைப் பிரித்துக் காண அந்தக் கூர்மை வேண்டும். ஜேம்ஸ் வெப் எத்தனை பெரிதானாலும் எக்ஸ் கதிருக்கு அது குருடு. அதே போலப் புற ஊதாவில் ஆஸ்ட்ரோசாட்டின் தொலைநோக்கி, இரண்டடி விட்டம்கூட இல்லாவிட்டாலும், பெரிய அகச்சிவப்புத் தொலைநோக்கிகளால் எளிதில் இனங்காண முடியாத சூடான இளம் நட்சத்திரங்களைப் பிரித்துக் காட்டுகிறது.

பணக் கணக்கில் இன்னொரு வரவும் உண்டு. இந்தக் கருவிகள் எடுத்த அளவீடுகள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பொதுவில் வைக்கப்படுகின்றன. ஹபிள், சந்திரா, ஜேம்ஸ் வெப் மூன்றின் சேமிப்பையும் கட்டணமின்றி யாரும் எடுத்துப் பார்க்கலாம், ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகளும் வெளியிடப்படுகின்றன. புனித வளனார் கல்லூரியிலோ பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலோ இயற்பியல் படிக்கும் மாணவருக்கும் ஹார்வர்டில் படிப்பவருக்கும் அங்கே கிடைப்பது ஒரே கோப்பு. இதை ஆறுதல் வார்த்தையாகச் சொல்லவில்லை. ஹாப்ஸ் 383இன் பிரகாசம் கூடியதை முதலில் கவனித்தவர் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு மாணவி. அவர் தொலைநோக்கி நேரம் எதுவும் கேட்டு வாங்கவில்லை. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கருவிகள் ஓரியனை எடுத்து வைத்திருந்த பழைய அளவீடுகளை வரிசையாக ஒப்பிட்டார்.